முதலில் சம்பள நோட்டைத் திறங்கள்

கேள்வி: அப்பா 27 வருடமாக நடத்திய பனியன் கம்பெனியைப் போன வருடம் என் கையில் கொடுத்தார். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 85 பேர். 60 பேர் பெண்கள். சமூகத்துக்குப் பயன்படுகிற கம்பெனியாக இதை நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ஆலோசகர் ஒருவர், "ட்ரஸ்ட் ஆரம்பித்து லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்குங்கள். கம்பெனியின் நோக்கம் என்று நாலு வரி எழுதி வாசலில் மாட்டுங்கள், வெளிநாட்டு பையர்களுக்குப் பிடிக்கும்" என்கிறார். அப்பாவோ, "முதலில் சம்பாதி, அப்புறம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவும் ஆலோசகரும் வேறு வேறு வார்த்தையில் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். லாபம் வரட்டும், வந்த பிறகு அதில் ஒரு பங்கை எடுத்து நல்லது செய்யலாம் என்பதே இருவர் கருத்தும். கொடுப்பது நல்ல காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது வேறு. அந்த லாபம் வருகிற வழியே ஊருக்கு நல்லதாக இருக்க முடியுமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிற கேள்வி.

2 சதவீதக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் வருவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது கட்டாயம். அந்தச் சட்ட விதிகளின்படி, சொந்தத் தொழிலாளர்களின் நலனுக்காக மட்டும் செய்கிற செலவு அந்தக் கணக்கில் சேராது. அதனால் பெரிய கம்பெனிகள்கூட நல்லது செய்வதென்றால் வாசலுக்கு வெளியே போய்ச் செய்வது என்று பழகிவிட்டன. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் உள்ளேயே தொடங்கலாம்.

உள்ளேயே தொடங்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு மதுரையைத்தான் காட்டுவேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். கண்புரையால் பார்வை போனவர்களுக்கு, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்வை திரும்பக் கிடைக்க வேண்டும்; நோக்கம் அவ்வளவுதான். அந்த ஒரு வரி மருத்துவமனையின் ஒவ்வொரு கணக்கையும் எப்படி மாற்றியது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அங்கே இலவசப் பிரிவுக்கு வருகிறவரிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். பணம் கட்டுகிறவருக்குத் தனி அறை உண்டு, கட்டாதவருக்கு வசதி குறைவு. ஆனால் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள். கட்டுகிறவர் கொடுப்பதில் கட்டாதவர் செலவும் அடங்க வேண்டுமென்றால், ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். அதற்காகவே ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் ஆயத்தம் வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டும் என்றானது. கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலரை ஒட்டி விற்றபோது அதை ஏழைக்கு வைக்க முடியவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. நன்கொடைப் பணத்தை எதிர்பார்த்து இருந்திருந்தால் இத்தனை கண்டுபிடிப்புக்கும் அவசியமே வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஊர் ஊராக முகாம் போட்டு, அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டார்கள். மதுரைக்கு வர பஸ் காசு இல்லை, தங்கிச் சாப்பிட வழியில்லை, கூட ஆள் வந்தால் அவருக்கு அன்றைய கூலி போகும். அதன் பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். தடை எங்கே இருந்தது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

உங்கள் கம்பெனியிலும் அப்படி ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வருடமாக வேலையை விட்டுப்போன பெண்களின் பட்டியலை எடுங்கள். அவர்களில் பத்துப் பேர் வீட்டுக்கு நீங்களே போய், ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேளுங்கள். மேனேஜரை அனுப்ப வேண்டாம். பதில் என்ன வரும் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வரலாம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இருட்டில் தனியாகப் போக முடியவில்லை என்று வரலாம். கான்ட்ராக்டர் பீஸ் ரேட்டில் பிடித்தம் செய்தார், சூப்பர்வைசர் வாய் சரியில்லை என்று வரலாம். அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலைத் திட்டம்.

சட்டம் ஏற்கெனவே கேட்பதை நோக்கம் என்று எழுதி மாட்டாதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் எல்லாம் அவர்களுக்கு உரியவை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். வாசலில் ஆயிரம் மரக்கன்று நட்டதாகக் கல்வெட்டு. உள்ளே, டோக்கன் இல்லாமல் பாத்ரூம் போக முடியாது என்று ஒரு பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் கம்பெனியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

சட்டத்தைத் தாண்டிய இடத்தில்தான் நோக்கம் வேலை செய்யத் தொடங்கும். அது உங்களுக்கு வலிக்கிற இடமாகவும் இருக்கும். ஒரு பையர் 60 நாள் வேலையை 35 நாளில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு மாதம் முழுக்க ராத்திரி ஷிப்ட். அந்த ஆர்டரை மறுக்கவோ, தேதியை நீட்டிக் கேட்கவோ உங்களுக்கு ஒரு விதி வேண்டும். அந்த விதியை ஆர்டர் வருவதற்கு முன்பே, பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரையும் கூட வைத்துக்கொண்டு எழுதிவிடுங்கள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு எழுத மனம் வராது. காஸ்டிங், அதாவது ஆர்டரின் செலவுக் கணக்கு, போடும்போது துணி, நூல், பட்டன் என்று தனித்தனி வரி போடுகிறீர்கள் அல்லவா, காப்பகத்துக்கும் பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வேனுக்கும் ஒரு வரி போடுங்கள். லாபத்திலிருந்து தருவதாக வைத்தால், ஆர்டர் குறைந்த வருடம் முதலில் நிற்கிற வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு ஜாப் ஒர்க்காக, கூலிக்குத் தைத்துத் தரும் சின்ன பவர் டேபிள்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீங்கள் 15 நாளில் கொடுத்துப் பாருங்கள். அவர் தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது.

சாயத்தைப் பற்றி ஒரு திருப்பூர்ப் பெண்ணுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நொய்யலில் விட்ட தண்ணீரின் விலையைப் பட்டறையில் வேலை செய்தவரும் கரையில் விவசாயம் செய்தவரும் சேர்ந்து கொடுத்தார்கள். உங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்கு ஒருமுறை போய், கழிவுநீர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் செய்தால் லாபம் கூடும் என்று நான் உறுதி தர மாட்டேன். பழகிய டெய்லர் நின்றால் புது ஆளைத் தேடும் செலவும், கெட்டுப்போகும் பீஸும் குறையும் என்பது உண்மை. சில வருடம் கணக்கு இடிக்கவும் செய்யும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொடாதீர்கள். அந்தப் பத்து வீடுகளில் அதிகம் கேட்ட ஒரே குறையை எடுத்து, அதை முழுதாகத் தீருங்கள்.

அப்பாவிடம் வாதாடப் போக வேண்டாம். 27 வருடத்தில் மின்வெட்டு வந்திருக்கும், நூல் விலை ஏறியிருக்கும், பையர் பணம் தராமல் இழுத்தடித்திருப்பார். அப்படிப்பட்ட வாரங்களில் சனிக்கிழமைச் சம்பளத்தை எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். பழைய சம்பள நோட்டுகள் வீட்டில்தான் எங்காவது இருக்கும், எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அதில் இருக்கிற பெயர்களில் எத்தனை பேர் இன்றும் உங்கள் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். விட்டுப்போனவர்களின் வீட்டுக்குப் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள்; வழி அவருக்குத் தெரியும்.