ஆரணி ஜாகீர்தாரும் அமெரிக்கப் பிளான்டரும்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் இருந்த 'பிளான்டர்' நம்ம ஆரணி ஜாகீர்தார், கங்குந்தி ஜமீன்தார் மாதிரிதானா? சட்டசபையிலும் அவர்களே நிறைந்திருந்தது எப்படி?
– ஆரணி வாசகர்

பதில்: மாதிரி இல்லை. ஜமீன்தார் குடிகளிடம் தீர்வை வசூலித்தவர். பிளான்டரோ நிலத்தோடு மனிதர்களையும் விலைக்கு வாங்கியவர். பொதுவாக 20 அடிமைகளாவது இருந்தால்தான் வரலாற்றாசிரியர்கள் அந்தப் பெயரைத் தருவார்கள். 'தோட்ட முதலாளி' என்று தமிழாக்குவது ரொம்ப மென்மை.

சட்டசபை விஷயத்துக்குத் தென் மாநிலங்களில் ஒன்றான தென் கரோலினாவைப் பாருங்கள். 1790 அரசியல் சாசனப்படி, உள்ளூர்க்காரர் கீழ்ச்சபைக்குப் போக 500 ஏக்கரும் 10 அடிமைகளும் வேண்டும். இல்லாவிட்டால் கடனில்லாத, 150 பவுண்டு ஸ்டெர்லிங் (ஆங்கிலேயப் பணம்) பெறும் நிலச்சொத்து. 1808-இல் கீழ்ச்சபையின் 124 இடங்களில் பாதியை வெள்ளையர் தொகைப்படியும், மீதியைக் கட்டிய வரிப்படியும் பிரித்தார்கள். பணக்காரப் பகுதிக்குக் கூடுதல் இடம்! கவர்னரைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கீழ்ச்சபையும் மேல்சபையும் சேர்ந்துதான்.

வருமானம் பருத்தி. கொட்டை நீக்காத 3 ராத்தலுக்கு (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்) ஏறக்குறைய 1 ராத்தல் பஞ்சு தேறும். 400 ராத்தல் பேலுக்கு (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிக்கு) 1,200 ராத்தல் கையால் பறிக்கவேண்டும். மாலையில் கூடையை நிறுப்பார்கள். எடை குறைந்தால் சவுக்கடி.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின் அதே வயல்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் சாகுபடிக்குப் போயின. விதையும் கோவேறு கழுதையும் முதலாளியுடையது என்றால், பெரும்பாலும் விளைச்சலில் பாதி அவருக்கு.