முழங்கால் தண்ணீரில் நட்ட கண்டல்

கேள்வி: போன ஜூலை 26, உலகக் கண்டல் தினத்தன்று எங்கள் கந்தோர்க்காரர் நாற்பது பேர் பஸ் பிடித்துப் போய் நீர்கொழும்புக் களப்பில் 500 கண்டல் கன்று நட்டோம். போன கிழமை போய்ப் பார்த்தேன், எண்ணி இருபதுகூட இல்லை. ஆடு மாடு தின்றதா? படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆட்டின் மேல் பழி போடாதீர்கள், பிள்ளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். செத்த குச்சியில் அடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொட்டலசு, அதாவது பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிறு கடற்பிராணி, வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கிறது. நாளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடந்தால்தான் அது அப்படிப் பிடிக்கும். கண்டல் தண்ணீர் வந்து போகிற இடத்து மரம்; எந்நேரமும் மூழ்கிக் கிடந்தால் வேருக்கு மூச்சு முட்டும். நம் மேற்குக் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீற்றரைக்கூடத் தொடாது. அதனால் ஒரு சாண் பள்ளத்தில் நட்டாலே காரியம் கெட்டுவிடும்.

உங்கள் கந்தோர் மட்டும் இல்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைச் சுற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நட்டதில் உருப்பட்டது சுமார் 200. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் முளையைச் சேற்றில் குத்துவது சுலபம், படத்துக்கும் அழகு. ஆகவே எங்கும் அதே கன்று, அதே சேறு.

நட்ட இடத்தில் கடற்புல் இருந்ததா? இருந்திருந்தால் நட்டம் இரண்டு. நாற்பது பேர் மிதித்த அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சு ஒதுங்கி வளரும்.

சரி, இனி என்ன செய்வது? முதலில் தண்ணீர் ஓட வழி இருக்கிறதா என்று பாருங்கள். புத்தளம் பக்கம் கைவிட்ட இறால் பண்ணை மாதிரி இடமென்றால் வரப்பை வெட்டித் தண்ணீரை விட வேண்டும். பக்கத்தில் தாய் மரம் இருந்தால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும்.

மிஞ்சிய கன்றுகளைப் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், இலை, தானாக வந்த புதுக் கன்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். ஐந்து வருடமாவது எழுத வேண்டும். கொப்பியை யார் வைத்திருப்பது என்று இப்போதே தீர்மானியுங்கள். பதாகை பிடித்துப் படமெடுத்தவர் வேண்டாம்.