பக்கத்து வீட்டில் 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். நடந்தாலும் சட்டப்படி செல்லாதுதானே?

செல்லாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாலி கட்டி முடித்துவிட்டால் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அந்தப் பெண்ணே நீதிமன்றம் போய் ரத்து கேட்கும்வரை பொதுவாக அந்தத் திருமணம் நிற்கும். 18 வயது முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும். பெற்றவர்களையும் புகுந்த வீட்டையும் எதிர்த்து, இடுப்பில் ஒரு குழந்தையோடு, 20 வயதுக்குள் எத்தனை பெண்கள் கோர்ட்டுக்குப் போவார்கள்? கர்நாடகத்தில் 2016 திருத்தத்தின் மூலம் இப்படிப்பட்ட திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் அது வர வேண்டும்.

அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே தலையிடுங்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. முழுப்பரீட்சை நெருங்கும்போது, "அவளுக்கு மாமா வீட்ல பேசி முடிச்சிட்டாங்க டீச்சர்" என்று தோழிகள்தான் முதலில் வந்து சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததுமே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான்.

அதிகாரிகள் வருவார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த கையோடு வேறு ஊர்க் கோயிலில் கட்டிவைக்கிற வீடுகளும் உண்டு. 13ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் தடை உத்தரவு வாங்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தடையை மீறி நடந்த திருமணம் அடியோடு செல்லாது. ரத்து கேட்டு அவள் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பலமே இங்கேதான் இருக்கிறது, ஆனால் ஊரில் யாருக்கும் இது தெரிவதில்லை.

வயதுக்குப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ போதும். கட்டாயக் கல்யாணத்துக்கு ஆளாகப்போகும் பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகவே சிறார் நீதிச் சட்டம் பார்க்கிறது. அதனால் வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் குழந்தை நலக் குழு அவளுக்குத் தங்க இடம் பார்த்துத் தரும்.

அப்புறம், ஏற்கனவே கல்யாணம் முடிந்துபோன பெண் யாராவது இதைப் படித்தால்: ரத்து கேட்டால் ஜீவனாம்சமும் கேட்கலாம். உங்கள் குழந்தைக்குச் சட்டப்படியான எல்லா உரிமையும் உண்டு. வக்கீல் வைக்கப் பணம் வேண்டியதில்லை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள்.