லீவு நாளில் வராத தலைவலி

மூளைக்கட்டி பயத்தை முதலில் விடுங்கள். ராத்திரி உட்கார்ந்து பத்து வீடியோ பார்த்தால் எனக்கும் கட்டி இருப்பதாகத்தான் தோன்றும். ஒரகடத்துக் குடோனில் கேஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், பாதி ஷிஃப்டில் தலை கனக்கிறது, குமட்டுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "லீவு நாளில் வலி இல்லை, லோடு ஏற்றும் பையனுக்கும் இதே தலைவலி." கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த வரிதான். கட்டிக்கு வார விடுமுறை கிடையாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது தொற்றவும் தொற்றாது. லீவிலும் வலி தொடர ஆரம்பித்தால் அப்போது ஸ்கேன் பற்றிப் பேசலாம்.

நான் சந்தேகப்படுவது கார்பன் மோனாக்சைடை. மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வண்டி ஓட்டினால், எஞ்சின் புகையில் வரும் இந்த வாயு சேர்ந்துகொண்டே போகும். "கேஸ் வாசனை எதுவும் வரவில்லை" என்கிறீர்கள். அந்த வாசனை, லீக் ஆனால் தெரியட்டும் என்று சிலிண்டர் கேஸில் வேண்டுமென்றே கலப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியதாம், நிம்மதியாம்! ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 காட்டும். முகக்கவசமும் இதைத் தடுக்காது.

இனிமேல் வேலையில் தலை சுற்றினால் வண்டியை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள், மற்றவர்களையும் கூப்பிடுங்கள். யாராவது மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 108. பேக்கிங் மேசையில் கர்ப்பிணிகள் இருந்தால் லேசான தலைவலிக்கே அன்றைக்கே ஆஸ்பத்திரி போகட்டும். தாயைவிட வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

நீங்கள் எழுதியிருக்கும் முதுகுவலிக்குக் காரணம் கெட்டி டயர், ஸ்பிரிங் போன சீட், ரிவர்ஸ் எடுக்க நாள் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது. சீட்டை மாற்றச் சொல்லுங்கள். வண்டி அதிர்வால் கிட்னி கெடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி தினமும் இரண்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடுகிறீர்களே, கிட்னியைக் கெடுக்க அது போதும். இன்றோடு நிறுத்துங்கள்.

சூப்பர்வைசரிடம் தனியாகப் போகாதீர்கள், "முடியாவிட்டால் நின்றுகொள்" என்று முடித்துவிடுவார். தலைவலி உள்ள எல்லோரும் சேர்ந்து போங்கள். எஞ்சின் சர்வீஸ், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் ஃபேன், வாயுவை அளக்கும் அலாரம் எல்லாம் கேளுங்கள். மூடிய இடத்துக்கு பேட்டரி வண்டிதான் சரி.

ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ரத்த வாயுப் பரிசோதனை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். வெளிக்காற்றை சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும். லீவு நாளில் சாவகாசமாகப் போய் ரத்தம் கொடுத்தால் நார்மல் என்றுதான் வரும். ஷிஃப்ட் முடிந்த கையோடு போங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதுவும் அளவை ஏற்றிக் காட்டும்.