குளிர்காலப் பந்தயத் தொடரில் டவுன்ஹில் (மலைச்சரிவில் இறங்கும் பந்தய) சைக்கிள்கள் முரண்டு பிடிப்பது ஏன்? அணி எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: மூன்று வீரர்கள், ஒரு மெக்கானிக். கோடை முழுக்க ஒழுங்காக ஓடிய சைக்கிள்கள் குளிர்காலத் தொடரின் முதல் பந்தயத்திலேயே மந்தமாகிவிட்டன. செட்டப்பை அடியோடு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பழைய செட்டப்பையே குளிரில் வைத்துச் சரிபார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காற்றடிப்பது கதகதப்பான ஒர்க்‌ஷாப்பில், ஓட்டுவது உறைபனி மலையில் என்றால் காற்றழுத்தக் கேஜில் பார்த்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி அறையில் முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ அடிக்கிறீர்கள். கேஜ் காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும். அதையும் (14.7) சேர்த்தால் 39.7. மலையில் 0 டிகிரி. கெல்வினில் 293 என்பது 273 ஆகிறது, அழுத்தமும் அதே விகிதத்தில் 37க்கு இறங்குகிறது. 14.7ஐக் கழித்தால் கேஜில் 22.3. அரை பிஎஸ்ஐ கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் வீரருக்கு, யாரும் தொடாமலே இரண்டரைக்கு மேல் போய்விட்டது. இதே கணக்கில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் 90 பிஎஸ்ஐ ஏறக்குறைய 83 ஆகும், பின்பக்கம் காற்றால் இயங்கும் ஏர் ஷாக்கின் 200 ஏறக்குறைய 185 ஆகும். சுருள்கம்பியால் இயங்கும் காயில் ஷாக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. குளிர்காலத்தில் பலர் காயிலுக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே சைக்கிள்களை வேனிலிருந்து இறக்கி ஒரு மணி நேரமாவது வெளியே நிறுத்துங்கள். அப்புறம் காற்றைப் பாருங்கள். அணிக்கு ஒரே டிஜிட்டல் கேஜ் போதும், இரண்டு கேஜ்கள் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். ஷாக் பம்ப்பால் ஏற்றும்போது ஐம்பது ஐம்பதாக ஏற்றி, இடையில் சஸ்பென்ஷனை மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே எதிர்ப்பக்கம் இருக்கும் நெகட்டிவ் அறைக்குக் காற்று போய்ச் சேராது. பிறகு சேக், அதாவது வீரரின் எடையில் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. குளிர் உடை, கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு வீரர் ஏறி நிற்க வேண்டும். 200 மி.மீ. ஃபோர்க்கில் 30 முதல் 40 மி.மீ., 75 மி.மீ. ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) உள்ள ஷாக்கில் 22 மி.மீ. அளவில் இருந்தால் சரி.

அடுத்தது ஆயில். சஸ்பென்ஷனுக்குள் இருப்பது குளிரில் கெட்டிப்படும், ரிபவுண்ட் (அமுங்கியது மீண்டும் மேலே வருவது) மந்தமாகும். அடுத்தடுத்து வேர்கள் வரும் இடத்தில் ஃபோர்க் ஒவ்வொரு அடிக்கும் இறங்குகிறது, மேலே வர நேரம் கிடைப்பதில்லை, கடைசியில் பாதி டிராவலிலேயே (அமுங்கிய நிலையிலேயே) நின்றுவிடுகிறது. ‘ஃபோர்க் சாஃப்ட்டாக இருக்கிறது’ என்று வீரர் வந்து சொல்வார். அதை நம்பி காற்றேற்றினால் கை மரத்துப்போவதுதான் மிச்சம். ரிபவுண்ட் திருகை ஒன்று அல்லது இரண்டு கிளிக் திறந்துவிடுங்கள். முழுவதும் மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி, டேப்பில் எழுதி ஃபிரேமிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று ஓட்டத்துக்குள் ஆயில் ஓரளவு சூடாகிவிடும், அதனால் முதல் ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டயர் விஷயத்தில் அவசரப்படுகிறவர்கள் அதிகம். குளிர்காலம் என்றதும் ஸ்பைக் டயரை மாட்டிவிடுவார்கள். அதன் உயரமான ரப்பர் கட்டைகள் ஆழமான, மென்மையான சேற்றுக்கு அருமை. ஈரமான பாறையிலும் வேரிலும் அதே கட்டைகள் வளைந்து நழுவும். இறுகி உறைந்த மண்ணில் தரையைக் கடிக்கவே கடிக்காது. சேறும் வேரும் கலந்த தடமென்றால் நடுக்கட்டைகளை மட்டும் சைட் கட்டரால் பாதி உயரத்துக்கு நறுக்கி, ஓரக்கட்டைகளை அப்படியே விடுங்கள். மாக்ஸிஸ் ஷார்ட்டி போன்ற இடைப்பட்ட டயர் ஒன்றோடு சீசனின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம் என்பது என் கட்சி.

காலையில் உறைந்திருக்கும் தடம் மதியம் வெயில் பட்டால் களியாகிவிடும். பயிற்சி ஒரு தரையில், பந்தயம் இன்னொரு தரையில். இதற்கு இரண்டாவது வீல்செட் வேண்டும், ரோட்டரும் (பிரேக் தட்டு) கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) மாட்டிய நிலையில். ஆனால் இரண்டு ஹப்பிலும் ரோட்டர் உட்காரும் இடம் ஒரே தூரத்தில் இருக்காது, வீலை மாற்றியதும் பிரேக் பேட் ரோட்டரில் உரசும். 0.2 மி.மீ. ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) ரோட்டருக்கு அடியில் வைத்து, இரண்டு வீலும் ஒரே இடத்தில் சுழலும்படி முன்கூட்டியே செய்துவிடுங்கள். ஸ்டார்ட் கேட்டுக்குப் பக்கத்தில் விரல் விறைத்துக்கொண்டு பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரை நகர்த்தும் வேலை யாருக்கும் வேண்டாம்.

பிரேக்குக்கு வருவோம். மணல் கலந்த சேறு உப்புத்தாள் மாதிரி. ரெசின் பேட் ஒரே நாளில் தகடு தெரியத் தேய்ந்துவிடலாம். மெட்டாலிக் பேட் போடுங்கள்; சத்தம் போடும், சூடேறும்வரை முதல் கடி குறைவாக இருக்கும், ஆனால் நின்று உழைக்கும். சில ரோட்டர்களில் ‘ரெசின் மட்டும்’ என்று பொறித்திருப்பார்கள், அவற்றில் மெட்டாலிக் கூடாது. ஷிமானோ பேடுக்கு 0.5 மி.மீ. மிச்சமிருந்தால் மாற்றம் என்பது விதி. பந்தயத்துக்கு 1 மி.மீட்டரிலேயே கழற்றிவிடுங்கள். ஒரு வார இறுதிக்கு ஆளுக்கு நான்கு ஜோடி கையிருப்பு வேண்டும். அவற்றில் இரண்டு ஜோடியை ஊரிலேயே பழக்கிவைப்பதுதான் சூட்சுமம்: ஓரளவு வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல், நடை வேகத்துக்குக் குறைப்பது, இப்படி இருபது முறை. கழற்றி, முன் பின், இடது வலது என்று குறித்துவிடுங்கள். பழக்காத பேடோடு பந்தய ஓட்டத்துக்கு அனுப்புவது முதல் வளைவிலேயே ஆளை வெளியே தள்ளும்.

பிரேக்கில் டாட் (DOT) திரவம் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சும், சீசனுக்கு முன் மாற்றிவிடுங்கள். மினரல் ஆயில் உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அடியில், காலிப்பரில் போய்த் தங்கும். ஆகவே அதற்கும் ப்ளீட் (பழைய திரவத்தை வெளியேற்றிப் புதிது நிரப்புவது) உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். குளிரில் லீவர் சற்று மெதுவாகத் திரும்பினால் பழுது என்று பிரிக்க வேண்டாம், அதுவும் கெட்டிப்பட்ட ஆயிலின் வேலைதான்.

யாரும் யோசிக்காத இடம் ஃப்ரீஹப், அதாவது மிதிக்கும்போது மட்டும் பின்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் பாகம். உள்ளே கெட்டிக் கிரீஸ் இருந்தால் குளிரில் பால்கள் (pawl எனும் சிறு கொக்கிகள்) ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங்கால் வெளியே வர முடியாமல் போகும். கேட்டிலிருந்து முதல் மிதி வெற்றாகச் சுழலும், முட்டி நேராக ஹாண்டில்பாரில் மோதும். பழையதைத் துடைத்தெடுத்து, ஹப் தயாரிப்பாளர் சொல்லும் மெல்லிய கிரீஸையோ ஆயிலையோ பூசுங்கள். கியர் கேபிளின் உறைக்குள் தண்ணீர் உறைந்தாலும் கியர் மாறாது. உள்கம்பி, உறை இரண்டும் புதிதாக, ரப்பர் மூடியோடு போட்டால் கவலையில்லை.

சேறு சைக்கிளில் ஏறினால் கிலோக்கணக்கில் ஏறும். பின் சஸ்பென்ஷனின் இணைப்புச் சந்துகளிலும் பெடல் அச்சு (பாட்டம் பிராக்கெட்) மேலுள்ள குழியிலும் பஞ்சு நுரையை வெட்டித் திணியுங்கள், சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது அது நசுங்காத அளவில். ஃபிரேமில் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதானால் வீலைக் கழற்றி, பேடையும் எடுத்துவிட்டு அடியுங்கள். ஒரு துளி ரோட்டரில் பட்டாலும் பேட் குப்பைக்குத்தான். ஓட்டங்களுக்கு நடுவே வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். பிரஷர் வாஷரை பேரிங் பக்கம் நீட்டவே கூடாது.

கண்ணாடிக்கு ரோல்-ஆஃப் (சேறு பட்டதும் சுருட்டி நகர்த்தும் பிலிம் சுருள்) நல்லது. கிழித்தெறியும் டேர்-ஆஃப் பிளாஸ்டிக்கைப் பல தடங்களில் அனுமதிப்பதில்லை. கையுறை ஆளுக்கு ஐந்து ஜோடி.

நேர வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள். வறண்ட தடத்தில் நூறில் ஒரு பங்கு விநாடிக்குச் சண்டை. சேற்றில் விநாடிகள் கொட்டிக் கிடக்கும். 2011இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் மழையில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரிட்டிஷ் வீரர் டேனி ஹார்ட் 11 விநாடிகளுக்கு மேல் முந்தினார். அப்படிப்பட்ட தடத்தில் கால் பிஎஸ்ஐயைத் தேடுவதைவிட விழாமல் இறங்குவதற்கான செட்டப்பே மேல்.

ஊர் திரும்பும்போது வேனின் பின்பக்க ரேக்கில் சைக்கிள் போகிறதென்றால், சாலையில் தூவிய உப்பு வழியெல்லாம் அதன்மேல் தெறிக்கும். அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, சீட்போஸ்டை உருவி, தலைகீழாகச் சாய்த்து ஃபிரேமுக்குள் இருக்கும் தண்ணீரை வடியுங்கள். செயினைத் துடைத்து வெட் லூப் (ஈரத்தைத் தாங்கும் செயின் எண்ணெய்) விடுங்கள். பேடுகளைக் கழற்றி, பிஸ்டன்களைத் துடைத்து உள்ளே தள்ளிவிட்டுத் தூங்கப் போங்கள்.