என் பிள்ளைக்கு ஏன் இப்படி? – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. இரண்டு வயதில்தான் நடந்தான். இன்னும் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. டாக்டர் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, பிறந்ததும் அழுதான். என் கணவர் எனக்கு அத்தை மகன். கிரகணத்தன்று நான் அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் இப்படி என்கிறார் அத்தை. சொந்தத்தில் கொடுத்ததுதான் தப்பு என்கிறார் அண்ணன். தடுப்பூசிதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாசமாக இருந்தபோது வேலைக்குப் போனேன், சரியாகச் சாப்பிடவும் முடியவில்லை. அதனால் இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இது கற்றல் குறைபாடா? உண்மையில் எதனால் வருகிறது? இன்னொரு குழந்தையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரி,

கிரகணத்துக்கும் உங்கள் மகனுக்கும் சம்பந்தமே இல்லை. தடுப்பூசிக்கும் இல்லை. அந்தப் பேச்சு 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற லண்டன் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து தடுப்பூசியால் ஆட்டிசம் (மற்றவரோடு பழகுவதிலும் பேச்சிலும் தடுமாற வைக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) வரலாம் என்று எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 2010-ல் அதை வெளியிட்ட இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் கவனித்துப் பார்த்தும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

நீங்கள் வேலைக்குப் போனதோ, வாய்க்குப் பிடிக்காமல் சாப்பாடு குறைந்ததோ இதற்குக் காரணம் ஆகாது. உணவில் நிஜமாகவே இருந்த ஒரு காரணம் அயோடின் குறைவு. இமயமலை அடிவாரத்தில் மண்ணிலும் நீரிலும் அயோடின் போதாத கிராமங்களில் தாய்மார்களுக்குக் கழுத்துக்கழலை இருந்தது, பிள்ளைகள் சிலர் மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். 1956-லிருந்து காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், கழலை வெகுவாகக் குறைந்தது. இன்று நம் வீட்டு உப்பில் அயோடின் இருப்பதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மண்ணில் இல்லாததற்கு அந்தத் தாய்மார்கள் என்ன செய்திருக்க முடியும்?

தாயைக் கூண்டில் ஏற்றுவது நம் ஊர் அத்தைகளோடு நிற்கவில்லை. ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமற்ற குணம்தான் காரணம் என்று அமெரிக்காவில் படித்தவர்களே இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். மரபணு ஒன்றேயான உருவொத்த இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிக்கு இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வாத 10 ஜோடியில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஒவ்வொரு ஜோடியிலும் இருவரும் ஒரே தாயிடம் வளர்ந்தவர்கள்தான், வித்தியாசம் மரபணுவில் இருந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் தங்களையே நொந்து செத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

உங்களைப் போலவே ‘ஏன்’ என்று கேட்ட ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நார்வேக்காரர், போர்க்னி எகெலாண்ட். மகள் லிவ், மகன் டாக், இருவருமே பிறக்கும்போது நன்றாக இருந்து, பிறகு பேச்சும் அறிவும் வளராமல் நின்றவர்கள். பிள்ளைகள் மீது விடாமல் ஒரு விநோத நெடி அடிப்பதை அவர் கவனித்திருந்தார். போகாத மருத்துவர் இல்லை, ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் பிள்ளைகளின் சிறுநீரை வாங்கிப் பரிசோதித்தார். அவர் வேதியியலும் படித்தவர். ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டதும் அது கரும்பச்சையாக மாறியது. எந்த மருந்தும் கொடுக்காமல் ஒரு வாரம் விட்டு மறுபடி கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் பச்சை. அந்தத் தாய் சுமந்து வந்த லிட்டர் லிட்டரான சிறுநீரிலிருந்துதான் பி.கே.யூ. என்ற நோய் பிடிபட்டது. புரதத்தில் உள்ள ஒரு சத்தை உடம்பால் செரித்து மாற்ற முடியாமல், அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. லிவ்வுக்கும் டாக்குக்கும் அந்தக் கண்டுபிடிப்பு பயன்படவில்லை. 1953-ல் இதற்கு உணவுமுறை வந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரி குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறந்த உடனே உணவை மாற்றிய பிள்ளைகள் மற்றவர்களைப் போலப் படித்து வளர்ந்தார்கள்.

காரணத்தைத் தேடுவது இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தெரிந்தால் ஏதாவது செய்ய முடிகிற காரணங்களை முதலில் தேடுங்கள். மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.

முதலில் காது. பேசாத பிள்ளை என்றதும் எல்லோரும் மூளையைத்தான் யோசிப்பார்கள். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதை வைத்துக் காது சரி என்று விட்டுவிட வேண்டாம், பேச்சின் மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். ஒலி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அப்புறம் தைராய்டு. பிறவியிலேயே தைராய்டு குறைவாகச் சுரக்கும் குழந்தைகள் நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை தப்பிக்கும். அடுத்த குழந்தை பிறந்தால் முதல் சில நாட்களிலேயே அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கற்றல் குறைபாடு என்பது வேறு. அறிவில் குறை இல்லாத பிள்ளை எழுத்தில், வாசிப்பில், கணக்கில் மட்டும் தடுமாறுவது. அதுவும் பெரும்பாலும் குடும்பத்தில் வருவதுதான். ஆனால் நான்கு வயதில் அந்தப் பெயரை வைக்க முடியாது.

உங்கள் அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 2, 3 என்றால், அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது 4 முதல் 6 வரை போகும். அதாவது நூற்றில் தொண்ணூற்று நாலு பிள்ளைகளாவது அப்படி எதுவும் இல்லாமல் பிறக்கிறார்கள். உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவரிடம் இருந்த ஒரே பழுதான மரபணு, அப்பா வழியாக உங்களுக்கும் அத்தை வழியாக உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேரும்போதுதான் வெளிப்படும், அப்படிச் சேர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. பி.கே.யூ.வும் இப்படித்தான் வருகிறது. உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது ஏன் அவசியம் என்று சொல்கிறேன். சில பரிசோதனைகள் சொல்வார்கள். எல்லாம் எடுத்த பிறகும் காரணம் தெரியாமலே போகும் பிள்ளைகள் நிறையப் பேர். அப்படி வந்தால் அந்த வெற்றிடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

தெரபிக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை, இந்த வாரமே தொடங்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) எங்கே என்று கேளுங்கள், பேச்சுப் பயிற்சி, உடல் பயிற்சி எல்லாம் இலவசம். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைத் திறன் குறைபாட்டுக்கான நிறுவனம் இருக்கிறது.

மரபணு ஆலோசனைக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று தலைமுறைக்குக் குடும்ப விவரம் கேட்பார்கள். உங்கள் தாத்தா வீட்டில் சின்ன வயதிலேயே போன பிள்ளைகள், பேச்சு வராமல் இருந்தவர்கள் யாராவது உண்டா என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும். டாக்டர் விளக்கும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.