இடிந்த சுவரைப் பார்க்க இவ்வளவு செலவா?

கேள்வி: என் நண்பர் அயர்லாந்து சுற்றுலா போய் வந்தார். "புல், ஆடு, இடிந்த சுவர். வேறொன்றும் இல்லை, பணம் தண்டம்" என்கிறார். நான் அடுத்த வருடம் போவதாக இருக்கிறேன். அங்கே பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?
- வாசகர் ஒருவர், சேலம்

பதில்: நண்பர் பொய் சொல்லவில்லை. புல், ஆடு, இடிந்த சுவர், மூன்றும் அங்கே நிறையவே உண்டு. அந்தச் சுவர் எப்படி இடிந்தது என்று மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் மேல். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த நாட்களிலும் தானியமும் மாடும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. குத்தகை கட்ட முடியாத குடும்பங்களை நிலக்கிழார்கள் வெளியேற்றினார்கள். திரும்பி வந்து படுத்துவிடக் கூடாதே என்று கூரையையும் பிய்த்துப் போட்டார்கள். அந்த 1841 எண்ணிக்கையைத் தீவு இன்னும் எட்டவில்லை. நண்பர் பார்த்த வெறும் புல்வெளி பல இடங்களில் ஊராக இருந்தது.

மேற்கே ஆக்கில் தீவுக்குப் போங்கள். ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே பஞ்சத்தில் காலியானவை என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகும் கோடையில் மாடு மேய்க்க வந்தவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது சுற்றிலும் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேடுபள்ளம் புல்லுக்கடியில் தெரியும்.

சரி, இவ்வளவு சோகம் வேண்டாம், பழமை போதும் என்றால் பாய்ன் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்ச் இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை, கீசா பிரமிடைவிட 600 ஆண்டு மூத்தது. வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் விடியல் வெயில் அதன் வழியே நுழைந்து, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையைத் தொடும். 17 நிமிடம்தான். 1967-ல் தொல்லியலாளர் ஓ'கெல்லி உள்ளே தனியாகக் காத்திருந்து இதைப் பார்த்தார். இப்போது அந்த நாட்களுக்குக் குலுக்கலில்தான் இடம். மேகம் மூடினால் அதுவும் போச்சு. மற்ற நாட்களில் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். வெளியே பளபளக்கும் வெள்ளைக்கல் சுவரைப் பார்த்து மயங்க வேண்டாம். கல் பழையது, அதைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் நம் காலத்துச் சரக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை.

கடலோரத்து மோஹர் செங்குத்துப் பாறைகளுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். 200 மீட்டருக்கு மேல் உயரம், மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது.

'அரக்கன் பாதை' (ஜயன்ட்ஸ் காஸ்வே) வேறு சங்கதி. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு, வறண்ட ஏரிப்படுகை வெடிப்பதுபோல ஆறிச் சுருங்கி வெடித்ததில் நின்றுபோன சுமார் 40,000 கல்தூண்கள். ஆனால் அது இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில். எல்லையில் யாரும் மறிக்க மாட்டார்கள் என்று ஐரிஷ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள், சட்டப்படி தப்பு. இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் உண்டு. அந்தக் குறிப்போடு விசா கிடைத்தால் இரண்டு பக்கமும் போகலாம், விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயண நோக்கம் என்ற கட்டத்தில் நண்பரின் மூன்று சொற்களை மட்டும் எழுதிவிடாதீர்கள்.